மார்மன் மிஷனரியின் ஒரு வாரம்: ஊர் சுற்றலா, ஊழியமா?

வாசகர் கேள்வி, 2023 பிப்ரவரி 20

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, எப்போதும் ஜோடியாக இரண்டு பையன்கள். பயணம் போன நாடுகளில் எல்லாம் இவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்மன் மிஷனரிகளாம். சபைக் காசில் இரண்டு வருடம் வெளிநாடு சுற்றுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பெற்றோரிடம் வருடத்துக்கு இரண்டே முறைதான் போனில் பேசுவார்கள் என்றும் ஒருவர் சொன்னார். பெற்றவர்களை இப்படி விட்டுவிட்டு வாரம் முழுக்க அங்கே என்னதான் செய்கிறார்கள்?

பிப்ரவரி 21, இரவு

அந்த ஜோடியில் ஒருவனாக நான் இருந்திருக்கிறேன். 2017 செப்டம்பரிலிருந்து 2019 செப்டம்பர் வரை, வட இங்கிலாந்தில். அதில் எட்டு மாதம் பிரஸ்டன் என்ற ஊரில்.

முதலில் காசு. சம்பளம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் அப்போது மாதம் 400 டாலர் கட்டினார்கள், 2020 ஜூலையிலிருந்து 500. செலவு அதிகமான நாட்டுக்குப் போனாலும் குறைவான நாட்டுக்குப் போனாலும் அதே தொகை. கட்டுவது பையனோ அவன் குடும்பமோ. எங்களைப் போல நம் ஊரிலிருந்து போகிறவர்கள் முடிந்ததைக் கட்டுவோம், மிச்சத்துக்கு மற்ற உறுப்பினர்கள் தரும் நிதி உண்டு. நான் பி.காம் முடித்து ஒன்றரை வருடம் மருந்துக் கடையில் நின்று சேர்த்த பணம் என் பங்கு. எந்த நாடு என்று நாம் கேட்க முடியாது. அழைப்பு வரும், அதில் ஊர் இருக்கும், போவோம்.

இரண்டு முறை போன் என்பது 2019 பிப்ரவரி வரை உண்மை. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, மே மாதம் அன்னையர் தினத்துக்கு ஒன்று. வாரம் ஒரு மின்னஞ்சல் போடலாம். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், இப்போது தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 22, காலை

ஒரு நாள் எப்படி என்று சொன்னால்தான் வாரம் புரியும்.

ஆறரைக்கு எழ வேண்டும். அரை மணி உடற்பயிற்சி. குளித்து, சாப்பிட்டு, எட்டு மணிவாக்கில் தனியாக வேதம் வாசிப்பு, பிறகு இருவரும் சேர்ந்து வாசிப்பு, அன்றைய திட்டம். பத்து மணிக்குள் வெளியே. இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு வீடு. பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். 2017 தொடக்கத்தில் இந்த அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தி, ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ள விட்டார்கள். நான் போனபோது பழகிய எல்டர்கள் (ஆண் மிஷனரிகளை அப்படித்தான் அழைப்போம்), “போன வருடம் வந்திருந்தால் தெரிந்திருக்கும்” என்பார்கள்.

டிவி இல்லை, சினிமா இல்லை, காதல் இல்லை, நீச்சல் கூட இல்லை. ஒதுக்கிய பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது. கூட்டாளி கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மட்டும் பி-டே. ஆயத்த நாள். துணி துவைப்பது, முடி வெட்டுவது, ஆல்டி என்ற மலிவு சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, முட்டை, டின் பீன்ஸ் வாங்குவது, வீட்டுக்கு மின்னஞ்சல், சபைக் கூடத்தில் மற்ற எல்டர்களோடு பந்து விளையாடுவது. மாலை ஆறுக்கு டை மறுபடி கழுத்துக்கு வந்துவிடும்.

பிப்ரவரி 22, மாலை

“மார்மன்” என்று கேட்டதில் தவறில்லை, உலகம் அப்படித்தான் அழைக்கிறது. ஆனால் 2018-இல் எங்கள் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் முழுப் பெயரையே பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார்: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. நான் ஊழியத்தின் நடுவில் இருந்தேன். அதுவரை கதவைத் தட்டி ஒரே மூச்சில் “நாங்கள் மார்மன்கள்” என்று சொல்லி முடித்த வாய் ஒரு வாரம் தடுமாறியது. முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கதவுகள் சாத்தப்பட்டுவிடும். ஆனாலும் கிறிஸ்துவின் பெயரை முதலில் சொன்னபோது கேட்பவர் முகம் வேறு மாதிரி ஆனதை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர் என்றதும் பட்டை நினைவுக்கு வருகிறது. பெண்கள் “சிஸ்டர்”, ஆண்கள் “எல்டர்”, கூடவே குடும்பப் பெயர். முதற்பெயருக்கு அங்கே வேலை இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் இருந்தது, அதுவே பட்டையில் பொறிக்கப்பட்டு வந்தது. இரண்டு வருடம் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நான் போனதில் அப்பாவுக்குத் துளியும் விருப்பமில்லை. அம்மா வழியில் நாங்கள் சபைக்கு வந்தோம், அவர் வரவில்லை. வங்கித் தேர்வு எழுதச் சொன்னார். நான் கிளம்பிய இரவு விமான நிலையத்துக்கும் வரவில்லை.

பிப்ரவரி 24

கூட்டாளி பற்றிக் கேட்டவருக்கு.

கம்பானியன் என்போம். அவனையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு முறை டிரான்ஸ்ஃபர் வரும். யார் எங்கே, யாரோடு என்று அந்தப் பகுதி மிஷனரிகளுக்கெல்லாம் பொறுப்பாளரான மிஷன் பிரசிடென்ட் தீர்மானிப்பார். சிலரோடு ஆறு வாரம், சிலரோடு ஆறு மாதம். ஒரே அறையில் தூங்கி, ஒரே சமையலைத் தின்று, ஒரே பேருந்தில் ஏறி, கடையில் அவன் சோப்பு எடுக்கும்போது நாமும் சோப்புப் பக்கம் நிற்க வேண்டும். தனிமை என்பது குளியலறை மட்டும். வீட்டில் தங்கையோடு ஒரு அறையைப் பகிர்ந்து வளர்ந்த எனக்கே மூச்சு முட்டியது. தனி அறையில் வளர்ந்த அமெரிக்கப் பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

புதிதாக வருகிறவனை 12 வாரம் ஒரு மூத்த எல்டர் பழக்குவார். எனக்கு வாய்த்தவன் ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரன். உருளைக்கிழங்கும் மாடும் தவிர எதுவும் பேசமாட்டான். நான் ஊருக்குப் புதுசு, குளிர் புதுசு, அந்தப் பக்கத்து லங்காஷயர் ஆங்கிலம் சுத்தமாகப் புரியவில்லை. அவனோ என்னை விட்டு நாலு எட்டு முன்னால் நடப்பான். அந்த 12 வாரத்தில் என்னிடம் நூறு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கல் மனசு என்று நினைத்தேன்.

பிப்ரவரி 25

பிரஸ்டனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, எங்களுக்கு அது சாதாரண ஊர் இல்லை.

சபை அமெரிக்காவில் தொடங்கியது 1830-இல். கடல் தாண்டிய முதல் ஊழியக் குழு ஏழு பேர், ஹீபர் கிம்பல் தலைமையில், 1837 ஜூலையில் லிவர்பூலில் இறங்கி அங்கிருந்து பிரஸ்டனுக்கு வந்தது. அவர்களில் ஜோசஃப் ஃபீல்டிங் என்பவரின் அண்ணன் அங்கே பாதிரியார். தேர்தல் நேரம். வண்டியை விட்டு இறங்கும்போது தலைக்கு மேலே ஒரு தேர்தல் கொடி விரிந்ததாம், அதில் “உண்மை வெல்லும்” என்று பொன்னெழுத்து. அதை அவர்கள் தங்களுக்கான வரவேற்பாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ஞாயிறு, அந்த அண்ணனின் வாக்ஸ்ஹால் சிற்றாலயத்திலேயே பிரசங்கம். அடுத்த ஞாயிறு, ஜூலை 30, ரிபிள் ஆற்றில் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம். யார் முதலில் முழுகுவது என்று இரண்டு பேர் ஆற்றங்கரை வரை ஓட்டப்பந்தயமே ஓடினார்கள். ஜார்ஜ் வாட் என்ற இளைஞன் ஜெயித்தான். பிறகு பத்துப் பதினைந்து வருடத்தில் சபை குடிபெயர்ந்திருந்த அமெரிக்காவின் யூட்டாவில் இருந்த உறுப்பினர்களைவிட பிரிட்டனில் இருந்தவர்கள் அதிகம்.

ஒரே வாரம். வந்திறங்கிய சனிக்கிழமைக்கும் ஆற்றில் முழுகிய ஞாயிறுக்கும் எட்டு நாள்.

அதே ஆற்றின் கரையில், ஏவனம் பூங்காவில், நாங்கள் மதியம் ரொட்டி தின்போம். எட்டு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒருவர். ஒரு புதன்கிழமை இருநூறு கதவு தட்டியிருப்போம், ஒன்றும் திறக்கவில்லை. அங்கே வரிசை வீடுகள், ஒரு தெருவில் ஐம்பது அறுபது கதவு ஒட்டி ஒட்டி இருக்கும். உள்ளே டிவி வெளிச்சம் தெரியும், திரை அசையும், கதவு அசையாது. திறந்தவர்கள் பெரும்பாலும் தன்மையாகத்தான் சொல்வார்கள்: “ஸாரி லவ், எங்களுக்கு வேண்டாம்.” முகம் தெரியாத பாட்டி என்னை லவ் என்று கூப்பிட்டது முதல் வாரத்தில் திகைப்பாக இருந்தது. மழையில் மூன்று மணி நேரம் நடந்த பிறகு, அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த கதவைத் தட்டலாம் போல இருக்கும்.

பிப்ரவரி 26

“நம்ம ஆட்கள் யாராவது கதவைத் திறந்தார்களா?”

திறந்தார்கள். பிரஸ்டனில் குஜராத்திக் குடும்பங்கள் நிறைய. ஒரு வீட்டில் அறுபது வயது அம்மாள் என் முகத்தைப் பார்த்ததும் நாங்கள் வந்த காரியத்தைக் கேட்கவே இல்லை. “அம்மா எங்கே? சாப்பிட்டாயா? இந்தக் குளிரில் ஸ்வெட்டர் போடாமல் யார் அனுப்பினது?” இந்தியும் ஆங்கிலமும் கலந்து கேள்வி மேல் கேள்வி. உட்கார வைத்து டீ போட்டு வந்துவிட்டார். நாங்கள் டீயும் காபியும் குடிப்பதில்லை, 1833-இல் வந்த ஆரோக்கிய நியமம். மது, புகையிலை எல்லாமே அதில் அடங்கும். நான் வேண்டாம் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், என் கம்பானியனுக்குத் தெரியாது. விளக்கிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உள்ளே போய் ஏலக்காய் தட்டிப் போட்ட சூடான பால் கொண்டு வந்தார். “இதுக்கு உன் சாமி ஒன்றும் சொல்லமாட்டாரே?”

அவர் கடைசி வரை எங்கள் பாடம் எதையும் கேட்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. அவர் வீட்டுப் பின்கட்டில் இருந்த பழைய மரக்கட்டைகளை ஒரு நாள் அப்புறப்படுத்திக் கொடுத்தோம். வாரத்தில் சில மணி நேரம் இப்படி உதவிக்கென்றே ஒதுக்க வேண்டும், அதில் மதப் பேச்சு கூடாது.

பிப்ரவரி 27

டைரியைத் தேடி எடுத்துவிட்டேன். பரணில், பழைய குளிர்க்கோட்டோடு சுருட்டி வைத்திருந்தேன். நேற்று இரவு இரண்டு மணி வரை வாசித்தேன். சில திருத்தங்கள்.

இருநூறு கதவு என்று எழுதியது தப்பு. அன்று நான் எழுதி வைத்திருப்பது 64. திறந்தவை 11. அதில் ஒருவர் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அந்த முகம் எனக்குச் சுத்தமாக நினைவில்லை, சாத்திய கதவுகள்தான் நினைவில் இருக்கின்றன.

இரண்டாவது, அந்த ஐடஹோக்காரன். 2017 அக்டோபர், மூன்றாவது வாரம்: “ஷூ இரண்டும் நனைந்துவிட்டன. காலையில் பார்த்தால் உள்ளே செய்தித்தாள் சுருட்டித் திணித்து ஹீட்டர் பக்கத்தில் இருக்கின்றன. நான் வைக்கவில்லை.” நாலு நாள் கழித்து மறுபடி: “செய்தித்தாள்.” நவம்பரில்: “இன்றும்.” பிறகு அதை எழுதுவதையே விட்டுவிட்டேன், பழகிவிட்டது போல. 12 வாரம் தினமும் என் ஷூவைக் காயவைத்தவனைக் கல் மனசு என்று எழுதிவிட்டேன். பிப்ரவரி 24 குறிப்பை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 2

முன்னால் நடப்பான் என்றேனே, அதற்கும் காரணம் இருந்தது. அது தெரிய வந்தது ஒரு வியாழக்கிழமை.

வாரத்திலேயே வெளியாளுக்குத் தெரியாத நாள் வியாழன்தான். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் வாரத் திட்டம். யாரைச் சந்தித்தோம், யாருக்கு என்ன தேவை, யார் வாக்குக் கொடுத்து வரவில்லை என்று ஏரியா புக்கில் உள்ள ஒவ்வொரு பெயராக எடுத்துப் பேசுவோம். பேசிவிட்டு அந்தப் பெயருக்காக ஜெபம். அதன் கடைசிப் பகுதிக்குக் கம்பானியன்ஷிப் இன்வென்டரி என்று பெயர், கடையில் சரக்குக் கணக்கு எடுப்பது போல. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும்: உன்னிடம் எனக்குப் பிடித்தது இது, என்னை வருத்தியது இது, நான் என்ன மாற்றிக்கொள்ள வேண்டும்?

கதவு தட்டுவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. வயது 19, 20, 22. மனசில் உள்ளதை எதிராளி முகத்துக்கு நேரே, கோபம் இல்லாமல், தப்பிக்க வழியில்லாத ஒரு அறையில் சொல்ல எங்கள் வீட்டில் யாரும் எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் சண்டை என்றால் அம்மா வழியாகத்தான் செய்தி போகும். “அவனைச் சாப்பிடச் சொல்லு.” “அவருக்குப் பசிக்குதான்னு கேளு.”

முதல் நாலு வியாழன் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று இருவரும் பொய் சொன்னோம். ஐந்தாவது வாரம் நான் வெடித்தேன். ஏன் எப்போதும் முன்னால் நடக்கிறாய், நான் உன் வேலைக்காரனா என்று கேட்டேன். அவன் நிஜமாகவே அதிர்ந்து போனான். சின்ன வயதிலிருந்து பண்ணையில் அவனும் அவன் அப்பாவும் அப்படித்தான் நடப்பார்களாம். பனியில் முன்னால் போகிறவர் தடம் போட்டுக் கொடுக்க வேண்டும், பின்னால் வருகிறவர் அதில் மிதித்து வரலாம். புதுசாக வந்தவனைப் பின்னால் விடுவதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறான். பேசாததற்குக் காரணம், என் ஆங்கிலம் அவனுக்கும் புரியவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று பயம்.

பிறகு அவன் முறை. ரொம்பத் தயங்கினான். “நீ தூக்கத்தில் பேசுகிறாய். யாரிடமோ சண்டை போடுகிறாய். ஒரே ஒரு வார்த்தைதான் எனக்குப் பிடிபட்டது. அப்பா என்றால் என்ன?”

சொன்னேன். அன்று பதினொன்றரைக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினோம். அதன் பிறகு அவன் என் பக்கத்தில் நடந்தான், நடைபாதை குறுகலான இடங்களில் மட்டும் பழையபடி முன்னால்.

மார்ச் 4

ஞானஸ்நானம் எப்படி நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள், பெரும்பாலும் சனிக்கிழமை.

சபைக் கூடத்தில் தொட்டி இருக்கும். இடுப்பளவு தண்ணீர் நிரம்பச் சில மணி நேரம் ஆகும். காலையிலேயே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் காவல் இருக்க வேண்டும். முழுகுகிறவரும் முழுக்காட்டுகிறவரும் வெள்ளை உடுப்பு. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் போக வேண்டும், ஒரு விரலோ ஒரு முடிக்கற்றையோ மேலே நின்றால் மறுபடி. இரண்டு சாட்சிகள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அப்போது ஆண்கள் மட்டும்தான் சாட்சி. நான் ஊர் திரும்பிய அடுத்த மாதம், 2019 அக்டோபரில், பெண்களும் நிற்கலாம் என்று மாற்றினார்கள். எங்களுக்குச் சோறு போட்டு வளர்த்த பிரஸ்டன் பாட்டிமார்கள் அந்தத் தொட்டிக் கரையில் நிற்பதை நான் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் ஒரே ஒருவர் கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்த மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். கணவன் மனைவி பந்தம் மரணத்தோடு முடிவதில்லை என்ற எங்கள் போதனையைச் சொன்னபோது நாற்காலியிலிருந்து எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பத்து வாரம் படித்தார். முழுகும்போது முழங்கை மேலே வந்துவிட்டது. சாட்சி தலையை ஆட்டினார். இரண்டாம் முறை தண்ணீருக்குள்ளேயே சிரித்துக்கொண்டு எழுந்தார்.

இதை இங்கேயே நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு வருடத்தில் அவர் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். எனக்கு அது வேறு ஊரில் இருக்கும்போது தெரிந்தது. டைரியில் அந்தப் பத்து வாரத்தைத் திரும்ப வாசிக்கிறேன். ஞாயிறு இரவு நாங்கள் டிஸ்ட்ரிக்ட் லீடருக்கு, அதாவது பக்கத்துப் பக்கத்துச் சில ஜோடிகளுக்குத் தலைவனாக இருக்கும் மிஷனரிக்கு, எண்கள் சொல்ல வேண்டும்: எத்தனை பாடம், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானத் தேதி. யாரும் என்னைத் திட்டியதில்லை. பூஜ்யம், பூஜ்யம் என்று சொல்லும் என் குரல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எட்டாவது வாரம் அவர், “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்றிருக்கிறார். அடுத்த வரியில் என் கையெழுத்து: “தேதியை விடக்கூடாது.”

அவருக்கு இன்னும் ஒரு மாதம் கொடுத்திருக்க வேண்டும். அவருக்காக ஜெபித்தது உண்மை, அவசரப்பட்டதும் உண்மை.

மார்ச் 5

ரிபிள் ஆற்றுக்கு ஓடி ஜெயித்த ஜார்ஜ் வாட் பற்றிப் பாதியில் விட்டுவிட்டேன். சுருக்கெழுத்தில் கெட்டிக்காரர், அமெரிக்கா போய்த் தலைவர்களின் பிரசங்கங்களை எல்லாம் எழுதியெடுத்தவர். 1874-இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார். பிரிட்டனில் முதலில் முழுகியவர் அவர். கிம்பலுக்கு அவர் மீது என்ன நினைப்பு இருந்திருக்கும் என்று நேற்றெல்லாம் யோசித்தேன். ஆனால் கிம்பல் 1868-லேயே இறந்துவிட்டார், இதைப் பார்க்கவில்லை.

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு, எங்களுக்கு உபவாசம். இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டு அந்தக் காசை இல்லாதவர்களுக்குக் கொடுப்போம். மிஷனில் அந்த ஞாயிறு கால்தான் முதலில் தளரும். ஆராதனை அப்போது மூன்று மணி நேரம், 2019 ஜனவரியிலிருந்து இரண்டு. திருவிருந்தில் ரொட்டியும் தண்ணீரும், திராட்சை ரசம் கிடையாது.

மார்ச் 8

பெண்களும் போகிறார்களா என்றால், ஆமாம். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18. முன்பு ஆண்கள் 19, பெண்கள் 21 வயதில்தான் போகலாம். 2012 அக்டோபரில் அதை 18, 19 என்று குறைத்ததும் சிஸ்டர்கள் எண்ணிக்கை ஒரேயடியாக ஏறியது. 2022 கடைசியில் உலகம் முழுக்க 60,000-க்கு மேற்பட்ட மிஷனரிகள் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இருந்த சிஸ்டர்கள் எங்களைவிட நன்றாகக் கற்றுக் கொடுத்தார்கள். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பார்கள், நாங்கள் அடுத்த வசனத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம். 2018 டிசம்பரில் அவர்கள் பேன்ட் போடலாம் என்று அனுமதி வந்தது. வட இங்கிலாந்து ஜனவரியில் பாவாடையோடு நடந்தவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் நிம்மதியாக இருந்தது.

மார்ச் 13, திங்கள்

பெற்றவர்களை விட்டுவிட்டு என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று வாரமாகத் தள்ளிப் போடுகிறேன்.

2017 கிறிஸ்துமஸ் போன். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா, “கடைக்குப் போயிருக்கார்” என்றாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, அவர் செருப்பு எனக்குத் தெரியும். 2018 மே, அன்னையர் தினம். பக்கத்து அறையில் செய்தி ஓடும் சத்தம், வழக்கத்தைவிட அதிகமாக. தங்கை போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள், குறைத்தார். நான் பேசியது அவருக்குக் கேட்டிருக்கும். அந்த வருடக் கிறிஸ்துமஸ், ஐந்து நொடி வந்தார். “குளிரா?” “ஆமாப்பா.” “ம்.” அவ்வளவுதான்.

2019 பிப்ரவரி 15-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. இனி வாரா வாரம் பி-டேயில் வீட்டோடு பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். எங்கள் டிஸ்ட்ரிக்டில் ஒருவன் உட்கார்ந்து அழுதுவிட்டான். எனக்குப் பயம்தான் வந்தது. வருடத்துக்கு இரண்டு முறை என்றால் அவர் வராததற்கு ஒரு சாக்கு இருந்தது. வாரா வாரம் வராமல் இருந்தால்?

முதல் திங்கள், 18-ஆம் தேதி, காலை பதினொன்று. நம் ஊரில் நாலரை. அது அப்பா காபி குடிக்கும் நேரம், நான் வேண்டுமென்றேதான் அந்த நேரத்தை வைத்தேன். அம்மா போனைச் சாப்பாட்டு மேஜையில் டப்பா மேல் சாய்த்து வைத்திருந்தாள். ஓரத்தில் அவர் கையும் டம்ளரும் மட்டும் தெரிந்தன. இரண்டாம் வாரம் தோள் தெரிந்தது. மூன்றாம் வாரம் என்ன சாப்பிட்டாய் என்று அந்தக் கை கேட்டது. மார்ச் கடைசியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். அப்பாவின் நாலரை மாறக் கூடாதென்று நான் பதினொன்றைப் பன்னிரண்டாக்கிக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு திங்கள், துவைத்த சட்டைக்குப் பட்டையைக் குத்திக்கொண்டே பேசினேன். “அது என்ன?” என்றார். காமிராவுக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். எழுத்துக் கூட்டி வாசித்தார். தன் பெயரை வாசித்தார்.

“இதையா மாட்டிக்கிட்டுத் திரியறே?”

“ஆமாப்பா.”

“எல்லாரும் இதைச் சொல்லியா கூப்பிடறாங்க?”

“ஆமாப்பா. எல்டர் சேர்த்துச் சொல்வாங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “கோணலா குத்தியிருக்கே பாரு, நேரா குத்து” என்றார்.

அன்றைய டைரியில் இது இல்லை. “துணி. ஆல்டி. வீட்டுக்குப் போன், 40 நிமிடம்” என்று மட்டும் இருக்கிறது. அவர் சபைக்கு இன்றுவரை வரவில்லை. வரச் சொல்லி நானும் கேட்டதில்லை.

இப்போது நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். எந்த நாளும் பேசலாம், எந்த விதியும் இல்லை. ஆனால் அவர் கூப்பிடுவது திங்கள் நாலரைக்குத்தான். மணி நாலு இருபத்தைந்து ஆகிவிட்டது. பிரஸ்டன் பக்கத்துச் சோர்லியில் உள்ள மிஷனரிப் பயிற்சி மையத்தைப் பற்றிக் கேட்டவருக்கு நாளை எழுதுகிறேன்.